அபாங் லோரி

1948 ஜூனில் தோட்டத்துத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அதை ஒட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது. அது நடந்தது எங்கள் சுங்கை சிப்புட் பக்கம்தான். எங்கள் வீட்டுக்கு அவசரகாலம் வந்தது போன வருடம் ஜூலையில்.

அப்பா ஹார்ட்வேர் கடை லோரி ஓட்டுகிறார். வியாழக்கிழமை தாப்பா, பீடோர் பக்கம் சரக்கு இறக்கப் போவார். அன்றைக்கு மட்டும் வீட்டுக்குள் நுழைந்ததும் வாய் திறக்காமல் நேரே குளிக்கப் போய்விடுவார். சோறு வேண்டாம் என்பார். லோரிக்குள் எட்டிப் பார்த்தால் அத்தர் வாசம், சீட்டுக்கடியில் ஒரு கட்டு பண்டான் இலை.

"கரப்பான் வராதுல்ல?" என்றார் அப்பா.

டாக்சிக்காரர்களும் அதற்காக வைப்பதுண்டு. ஆனால் அம்மா 31 வருடம் குடித்தனம் நடத்தியவர். வெளியே ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியிடம் மட்டும், "ஒரு நாளு பீடோருக்குப் போகணும்டி" என்றாராம்.

கிள்ளானில் சித்தி மகளுக்குக் கல்யாணம். மைவி காரில் ஐந்து பேர். நான் ஓட்டினேன். தாப்பா டோல் நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து அம்மா, "ஹைவேய விட்டு எறங்கு தம்பி. பீடோர் கொய்யா வாங்கணும்" என்றார்.

"கொய்யா கிள்ளான்லயே கெடைக்குமே" என்றார் அப்பா, கொஞ்சம் வேகமாக.

நான் இறங்கினேன். அப்பா தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்.

பழைய ரோட்டோரம் வண்டியை மெதுவாக்கியதுதான் தாமதம், ஒரு கடைக் குடைக்குக் கீழிருந்து ஐம்பது வயது மலாய்க்கார அம்மா கையை ஆட்டினார். "அபாங்! லாமா தக் நம்பாக்!"

ரொம்ப நாளாகக் காணோமே என்கிறார். அது பரவாயில்லை. அபாங்தான் வில்லங்கம். அண்ணனும் அபாங், மலாய்ப் பெண்களுக்குக் கட்டின புருஷனும் அபாங். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பெண்களோடு வளர்ந்த அம்மாவுக்கு இரண்டும் தெரியும். முதலாவதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"எத்தன வருசமா நடக்குது?"

காது மந்தமான பாட்டி, "யாருக்கு, எத்தனை மாசம்?" என்று கேட்டு வைத்தார். தங்கச்சி சன்னலைத் திறந்து வெளியே சிரித்தாள்.

கடைக்கார அம்மா ஓடிவந்து, "அபாங் பூன்யா", அபாங்குடையது என்று ஒரு கூடையை நீட்டினார். உள்ளே ஐந்து கம்பத்து டுரியான் பழம்! பின்னாலேயே 555 கடன் நோட்டு. அப்பாவின் பெயர் அதில் இல்லை. 'அபாங் லோரி, 83 வெள்ளி.'

அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி வந்து இரண்டு வருடம். டுரியானைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளியல், அத்தர், பண்டான் எல்லாம் இதற்குத்தான். டுரியான் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் வாடை போகும் என்பார்கள். கைக்குப் போகும், ஏப்பத்துக்கு?

அம்மா கத்துவார் என்று காத்திருந்தோம். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பொளக்கச் சொல்லு" என்றார். எங்களோடு சேர்ந்து மூன்று பழம் காலி. அப்பா தூரத்தில் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடனையும் அம்மாதான் அடைத்தார், 201 வெள்ளி வைத்திருந்த மொய்க் கவரைப் பிரித்து. மீதி 118. இரட்டைப்படையில் மொய் எழுத முடியாதே. 17 வெள்ளிக்கு விதையில்லாக் கொய்யா வாங்கி அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, 101-ஐக் கவருக்குள் போட்டு ஒட்டினார்.