[கலைச்சொல்] டிமெனு வகைப் பட்டிக்கு என்ன பெயர்? ஏவி / துவக்கி / வடிபட்டி

மடல் 1: மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸில் முழு மேசைத்தளம் இல்லாமல் சாளரங்களை மட்டும் கவனிக்கும் சிறு சாளர மேலாளர்களுக்கான உதவிக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப இடறுகிறது. ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஐ3, டிடபிள்யூஎம் எல்லாவற்றுக்கும் "பயன்பாட்டுப் பட்டி" என்றே இதுவரை எழுதிவிட்டோம். க்னோம், கேடிஈ போன்ற முழு மேசைத்தளங்களுக்கு அது போதும். சிறு மேலாளர்களுக்குப் போதவில்லை. "நிறுவிவிட்டேன், பட்டியில் காணோம்" என்று ஒருவர் கேட்டால், எந்தப் பட்டி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடிவதில்லை.

ஓப்பன்பாக்ஸில் வெற்றுத் திரையில் வலச்சொடுக்கினால் விரியும் பட்டியின் வரிகள் மெனு.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் கையால் எழுதப்பட்டவை. எழுதாதது வராது. இன்னொரு வகை, நிறுவிய ஒவ்வொரு மென்பொருளின் விவரமும் உள்ள டாட் டெஸ்க்டாப் கோப்புகளைத் தேடிப் படித்துத் தானே உருவாகிறது. மூன்றாவது டிமெனு: திரையின் மேல் விளிம்பில் ஒற்றை வரியாக வந்து நிற்கும், எழுத்துகளைத் தட்டத் தட்டப் பொருந்தாதவை உதிரும், மிஞ்சியதில் ஒன்றை என்டர் விசையால் எடுக்கலாம்.

என் பரிந்துரை: முதலாவது எழுதுபட்டி, இரண்டாவது திரட்டுபட்டி, மூன்றாவது ஏவி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

மடல் 2: பொதிப் பராமரிப்பு

> மூன்றாவது ஏவி

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. டிமெனு எதையும் ஏவுவதில்லை. உள்ளீட்டில் வரிவரியாக எது வந்தாலும் காட்டும், தேர்ந்தெடுத்த வரியை வெளியீட்டில் எழுதும், முடிந்தது. அதற்கு நிரல் என்றால் என்னவென்றே தெரியாது. கடவுச்சொல் பெட்டகத்தில் ஒன்றை எடுக்கவும், வைஃபை பெயரைத் தேர்ந்தெடுக்கவும், கணினியை அணைக்கவா மறுதொடக்கம் செய்யவா என்று கேட்கவும் அதே டிமெனுவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

நிரலை ஓட்டுவது டிமெனு_ரன் என்ற சிறு ஷெல் நிரல் (ஷெல் என்பது தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது). டிமெனு_பாத் தரும் பட்டியலை டிமெனுவுக்குள் குழாய் வழியாக ஊற்றி, அது துப்பும் வரியை ஷெல்லிடம் கொடுக்கும். டிடபிள்யூஎம்மில் மாட்+பி, ஐ3-இல் மாட்+டி அழுத்தினால் ஓடுவது இதுதான் (மாட் என்பது சாளர மேலாளருக்கென ஒதுக்கிய விசை).

காணாமல் போகும் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்வது பாத் மாறி. டிமெனு_பாத் அதில் உள்ள கோப்புறைகளை மட்டும் பார்க்கும். இயக்க அனுமதி உள்ள கோப்பெல்லாம் அதற்குச் சரக்கு. அதனால் வரும் குழப்பங்கள் பெரும்பாலும் இவை:

கோப்பு மேலாளரை "ஃபைல்ஸ்" என்று தேடினால் வராது, கட்டளையின் பெயர் நாட்டிலஸ். ஆவணம் பார்ப்பதற்கு எவின்ஸ். பட்டியில் தெரியும் பெயரும் கட்டளைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எச்டாப் போன்ற முனைய நிரல்கள் பட்டியலில் இருக்கும், எடுத்தால் திரையில் ஒன்றும் நடக்காது. முனையம் இல்லாமல் ஓடப் பார்த்து அப்படியே முடிந்துபோகும். முனையத்தின் பெயரை முன்னால் சேர்த்து "எக்ஸ்டெர்ம் -ஈ எச்டாப்" என்று முழுதாகத் தட்ட வேண்டும்.

ஃப்ளாட்பேக் என்ற பொதி முறையில் நிறுவியது வராது. அதன் கட்டளைகள் /வார்/லிப்/ஃப்ளாட்பேக்/எக்ஸ்போர்ட்ஸ்/பின் கோப்புறையில் "ஆர்க்.கிம்ப்.கிம்ப்" மாதிரி நீண்ட பெயரில் கிடக்கும். அந்தக் கோப்புறை பாத் மாறியில் இல்லையென்றால் டிமெனுவுக்கு அது இல்லாத ஊர்.

வீட்டுக் கோப்புறையின் .லோக்கல்/பின்னில் உள்ளவை முனையத்தில் ஓடும், டிமெனுவில் தெரியாது. பேஷ்ஆர்சி கோப்பில் பாத் மாறியை நீட்டியிருப்பார்கள். அது முனையத்துக்குள் மட்டும் செல்லும். சாளர மேலாளர் தொடங்குவதற்கு முன்பே படிக்கப்படும் கோப்பில், உள்நுழைவைப் பொறுத்து .ப்ரொஃபைலிலோ .எக்ஸ்இனிட்ஆர்சியிலோ, நீட்டி, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

"தேக்கக் கோப்பை அழித்துப் பாருங்கள்" என்று ஒரு கைவைத்தியம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. தேக்கக் கோப்பு என்பது டிமெனு_பாத் சேமித்துவைக்கும் பட்டியல். அழிப்பது வேண்டாத வேலை. பாத் கோப்புறைகளில் ஏதாவது தேக்கக் கோப்பைவிடப் புதியதாக இருந்தால் டிமெனு_பாத் தானே பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஆகவே ஏவி, துவக்கி இரண்டும் டிமெனு_ரன்னுக்கு வேண்டுமானால் பொருந்தும். டிமெனுவுக்குப் பொருந்தாது.

---

மடல் 3: இலங்கையிலிருந்து

ஏவியைக் கைவிடுவதில் எனக்கும் உடன்பாடு. ஏவல் என்றவுடன் பில்லி சூனியம் நினைவுக்கு வரும் பாவனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். :-)

இன்னொன்று. இங்கே பாடநூல்களில் பிரயோக மென்பொருள் என்றுதான் வருகிறது. "பயன்பாடு" என்றால் உபயோகம் என்று படித்துவிடுவார்கள். "பயன்பாட்டுப் பட்டி" உபயோகப் பட்டி ஆகிவிடும். புதிய சொல்லில் பயன்பாடு, செயலி, பிரயோகம் எதையும் நுழைக்காமல் விட்டால் இரு கரைக்கும் ஒரே சொல் போதும்.

---

மடல் 4: சொல்லாக்கம்

அப்படியானால் டிமெனு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். பெரிய பட்டியலை உள்ளே வாங்கி, வேண்டாததை விலக்கி, வேண்டியதை நிறுத்துகிறது. சலித்தல், வடித்தல் இரண்டும் பார்த்தேன். சலிபட்டி என்றால் சலிப்பூட்டும் பட்டி ஆகிவிடும். வடிகட்டி ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். ஆக, வடிபட்டி.

வினைத்தொகை, எனவே ப் மிகாது. தேடுபொறி அமைந்த அதே அமைப்பு. இதில் ஒரு வசதியும் உண்டு: வடி என்பது தானே வடிவதையும் குறிக்கும், நாம் வடிப்பதையும் குறிக்கும். நாம் தட்டுகிறோம், பட்டியல் வடிகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் நிற்கிறது.

திரட்டுபட்டியிலும் ப் போடாதீர்கள். போட்டால் திரட்டு என்ற பெயர்ச்சொல் ஆகிவிடும். திரட்டும் பட்டி என்ற பொருள் வராது.

---

மடல் 5: பொதிப் பராமரிப்பு

வாடிப்பட்டிக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருந்தால் சரி. அந்த ஊருக்கு ப் உண்டு, இதற்கு இல்லை என்று சமாளித்துக்கொள்ளலாம்.

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் மடலின் மூன்றும் ஒரே அளவுகோலில் இல்லை. எழுதுபட்டி, திரட்டுபட்டி இரண்டும் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்கின்றன. வடிபட்டி, எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்கிறது. டிமெனு மாதிரி இன்னொரு நிரலான ரோஃபியை எடுத்துப் பாருங்கள். தட்டித் தட்டித்தான் தேடுகிறோம், ஆகவே வடிபட்டி. "ட்ரன்" பாங்கில் (இயங்கு முறையில்) டாட் டெஸ்க்டாப் கோப்புகளைத் திரட்டுகிறது. "ரன்" பாங்கில் டிமெனு_ரன் மாதிரி பாத் மாறியைப் பார்க்கிறது. அதை எந்தப் பெட்டியில் போடுவது?

எனவே தேர்வு முறைக்கு இரண்டு சொல்: விரிபட்டி (சொடுக்கி, உட்பட்டி உட்பட்டியாக விரிவது), வடிபட்டி. சரக்கு வரும் இடத்துக்கு மூன்று: எழுத்து, திரட்டு, தேடுவழி. பாத் மாறியைத் தேடுவழி என்கிறேன். "திரட்டு வடிபட்டி" என்றால் ரோஃபி ட்ரன். "தேடுவழி வடிபட்டி" என்றால் டிமெனு_ரன். "எழுத்து விரிபட்டி" ஓப்பன்பாக்ஸின் வலச்சொடுக்குப் பட்டி.

ஓப்பன்பாக்ஸில் ஒரு கலப்பும் உண்டு. மெனு.எக்ஸ்எம்எல்லில் ஓர் உட்பட்டிக்கு எக்ஸிகியூட் பண்பு கொடுத்தால், விரிக்கும்போது அந்தக் கட்டளை ஓடி, அதன் வெளியீடே உட்பட்டியாகும். கையால் எழுதிய பட்டிக்குள் திரட்டு தொங்குகிறது. குழாய்ப்பட்டி என்று சொல்லலாம். இரண்டு இடங்களில் உதைக்கும். கட்டளை முடியும்வரை ஓப்பன்பாக்ஸ் காத்திருக்கும். மெதுவான நிரலை வைத்தால் அதுவரை சாளரங்கள் உறைந்து நிற்கும். மென்பொருளின் பெயரில் உம்மைக் குறி (&) இருந்து, அதை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதாமல் விட்டால் அந்த ஒரு வரி மட்டுமல்ல, உட்பட்டி முழுவதும் வராது. பெயரில் அடிக்கோடு இருந்தால் அது குறுக்குவிசைக் குறியாகி, கோடு காணாமல் போகும்.

---

மடல் 6: மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு

அளவுகோல் பிழை என்னுடையது. திருத்தம் சரி.

டாட் டெஸ்க்டாப் கோப்பு பாக்கி. "மேசைத்தளக் கோப்பு" என்று எழுதியிருக்கிறோம். படிப்பவர் திரையில் கிடக்கும் ஏதோ ஒரு கோப்பு என்று நினைக்கிறார். அது மென்பொருளைப் பற்றிய ஒரு சிறு சீட்டு. அறிமுகச்சீட்டு?

---

மடல் 7: பொதிப் பராமரிப்பு

அறிமுகச்சீட்டு நன்று. உள்ளே இருப்பதும் அதுதான்: பெயர், கட்டளை, படவுரு, வகை. திரட்டு வகைப் பட்டியில் ஒரு மென்பொருளைக் காணாவிட்டால் முதலில் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ், வீட்டுக் கோப்புறையின் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் இரண்டிலும் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃப்ளாட்பேக் சீட்டு /வார்/லிப்/ஃப்ளாட்பேக்/எக்ஸ்போர்ட்ஸ்/ஷேர்/அப்ளிகேஷன்ஸில் இருக்கும். எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ் மாறியில் அதன் "ஷேர்" கோப்புறை இல்லாவிட்டால் திரட்டும் நிரல் அந்தப் பக்கமே போகாது.

சீட்டு இருந்தும் பட்டியில் இல்லையென்றால் திறந்து நான்கு வரிகளைத் தேடுங்கள். "நோடிஸ்பிளே=ட்ரூ" என்றால் பட்டியில் காட்டாதே என்று பொருள்; கோப்பைச் சொடுக்கித் திறக்க மட்டும் அந்த நிரல் பயன்படும். "ஹிட்டன்=ட்ரூ" என்றால் சீட்டு அழிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். "ட்ரைஎக்ஸெக்" குறிப்பிடும் நிரல் கணினியில் இல்லாவிட்டால் சீட்டு ஒதுக்கப்படும். சிறு மேலாளர்களில் அடிக்கடி மாட்டுவது நான்காவது: "ஒன்லிஷோஇன்=க்னோம்;", அதாவது க்னோமில் மட்டும் காட்டு. திரட்டும் நிரல், இப்போதைய மேசைத்தளத்தின் பெயரைச் சொல்லும் எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப் மாறியோடு இதை ஒப்பிடும். எக்ஸ்இனிட்ஆர்சி வழியாக நேரே டிடபிள்யூஎம்மைத் தொடங்கியவர்களிடம் அந்த மாறி காலி. க்னோமின் அமைப்புகள் நிரலை நிறுவியும் பட்டியில் காணோம் என்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மாற்றும்போது /யுஎஸ்ஆரில் கைவைக்காதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் பழையபடி ஆகிவிடும். அதே கோப்புப் பெயரில் வீட்டுக் கோப்புறையின் அப்ளிகேஷன்ஸுக்குள் நகலெடுத்து, அந்த வரியை நீக்கிச் சேமியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் வீட்டில் உள்ளதே செல்லும்.

டெபியன் லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று. ஓப்பன்பாக்ஸ், ஃப்ளக்ஸ்பாக்ஸ் பட்டிகளில் "டெபியன்" என்று ஓர் உட்பட்டி இருந்தால் அதை நம்பித் தேடாதீர்கள். அது அறிமுகச்சீட்டுகளைப் படிப்பதில்லை. /யுஎஸ்ஆர்/ஷேர்/மெனு என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து வருவது. அறிமுகச்சீட்டு தரும் பொதி பழைய பட்டிக் கோப்பையும் சேர்த்துத் தரக்கூடாது என்று டெபியன் தொழில்நுட்பக் குழு 2015-இல் முடிவெடுத்தது. அதன் பிறகு அந்த உட்பட்டி இளைத்துக்கொண்டே போகிறது.

மெனுமேக்கரைக் கொண்டு பட்டியை உருவாக்குவோர், -எஃப் கொடி கொடுத்தால் அது ஏற்கெனவே உள்ள மெனு.எக்ஸ்எம்எல்லின் மேலேயே எழுதிவிடும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் நகல். பிறகு "ஓப்பன்பாக்ஸ் --ரீகான்ஃபிகர்".

---

மடல் 8: எழுத்துரு, உள்ளீடு

சொல் முடிவாகிவிட்டது போலிருக்கிறது. வடிபட்டியில் தமிழே தேடப்படுமா என்றும் குறிப்பில் ஒரு வரி வேண்டும். அறிமுகச்சீட்டில் "நேம்[டிஏ]" வரி இருந்து, மொழியமைப்பு தமிழாக இருந்தால் பெயர் தமிழில் வரும்.

ரோஃபி, ஓப்பன்பாக்ஸ் இரண்டும் பாங்கோ என்ற நிரலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் சரியாகத் தெரியும். டிமெனு எக்ஸ்எஃப்டி என்ற நிரலகத்தை நேரடியாகப் பயன்படுத்துகிறது. அது எழுத்துகளைக் கோத்துத் தருவதில்லை. "கெ" என்பதில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

தேடலில் இன்னொரு பொறி. "கோ" என்பதை க + ோ என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், க + ே + ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிமெனு பைட் பைட்டாக ஒப்பிடுவதால் ஒரு வடிவில் எழுதிய "கோப்புகள்" இன்னொரு வடிவில் தட்டினால் கிடைக்காது. மொழிபெயர்ப்புக் கோப்புகளில் எப்போதும் சேர்ந்த வடிவையே வையுங்கள். ரோஃபி ட்ரன் பாங்கில் பெயரோடு கட்டளை, வகை, குறிச்சொல் எல்லாவற்றிலும் தேடுவதால், தமிழ்ப் பெயர் பொருந்தாவிட்டாலும் ஆங்கிலக் கட்டளையைத் தட்டினால் வந்துவிடும்.

---

மடல் 9: மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பு

சொற்பட்டியலில் ஏற்றுவது இப்படி:

வடிபட்டி: தட்டும் எழுத்துகளுக்கேற்பக் குறைந்துகொண்டே வரும் தேர்வுப் பட்டி. எ.கா. டிமெனு, ரோஃபி.
விரிபட்டி: சொடுக்கி உட்பட்டிகளாக விரிப்பது.
குழாய்ப்பட்டி: கட்டளையின் வெளியீட்டிலிருந்து உருவாகும் உட்பட்டி.
அறிமுகச்சீட்டு: டாட் டெஸ்க்டாப் கோப்பு.
தேடுவழி: பாத் மாறி.

எழுதுபட்டி, திரட்டுபட்டி இரண்டையும் விட்டுவிட்டேன். "எழுத்து விரிபட்டி", "திரட்டு வடிபட்டி" என்ற அடைமொழிகளே போதும். துவக்கியைத் தனியாக வைத்திருக்கிறேன், டிமெனு_ரன்னுக்கு மட்டும். "பட்டியில் காணோம்" பக்கத்தின் முதல் வரியை "உங்கள் வடிபட்டி தேடுவழியைப் பார்க்கிறதா, அறிமுகச்சீட்டுகளைப் பார்க்கிறதா?" என்று மாற்றியிருக்கிறேன். விரிபட்டிக்காரர்களுக்கு அடுத்த வரி மெனு.எக்ஸ்எம்எல்லுக்குப் போகும். ஃப்ளக்ஸ்பாக்ஸ் பக்கம் இன்னும் பழைய சொல்லிலேயே நிற்கிறது. எடுத்துச் செய்ய ஆள் வேண்டும்.