ஏர் ரைபிள் டிரிக்கர் பெட்டி உடைந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பா வைத்திருந்த பழைய 4.5 மி.மீ. ஏர் ரைபிளின் டிரிக்கர் பெட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த பாகம் அது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது, ஓரமெல்லாம் கொப்புளம். வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் சேர்ந்துவிட்டாலே, வருடம் போகப்போக இப்படி உள்ளுக்குள் அரித்துவிடும்.

பேட்டையில் ஒரு பட்டறையில் கேஸ் வெல்டிங் வைத்துப் பார்த்தோம். சுமார் 385 டிகிரியிலேயே உருகுகிற உலோகம். கண்முன்னே ஓரம் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒழுகிவிட்டது. பசை போட்டு ஒட்டவும் பயம், ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துவதே இந்தப் பாகம்தான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் மாதிரியைப் பார்த்து பித்தளையிலோ அலுமினியத்திலோ மில்லிங் செய்து தரும் பட்டறை யாருக்காவது தெரியுமா? ஒன்றே ஒன்று போதும். அளவெடுக்க இரண்டு துண்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.