சத்தம் பின்தங்குகிறது: தப்பு ஹேண்ட்பிரேக்கிலா, நம்ம ஃபைலிலா?

மாட்டுங்கா பேரன் | சனி, இரவு 9.40

போன மாதம் இங்கே மும்பை மாட்டுங்காவில் எங்கள் தாத்தா பாட்டிக்கு சதாபிஷேகம் நடந்தது. என் மொபைலை ட்ரைபாடில் நிறுத்தி, 72 நிமிடம் ஒரே ஓட்டமாக எடுத்தேன். தூத்துக்குடியில் இருக்கும் பெரியப்பாவுக்கு முடியாததால் வரவில்லை. பென் டிரைவில் போட்டு அனுப்ப வேண்டும். ஃபைல் பெரியது என்று ஹேண்ட்பிரேக் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் வீடியோ மென்பொருளில் சின்னதாக்கி, பிறகு எடிட்டரில் முன்னும் பின்னும் வெட்டினேன்.

சாஸ்திரிகள் சங்கல்பம் சொல்லும்போது உதடும் சத்தமும் ஒன்றாகத்தான் போகிறது. கலசத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் லேசாக விலகுகிறது. கடைசியில் ஆரத்தி வரும்போது தாத்தா பேசி முடித்து வாயை மூடிவிடுகிறார், அதற்குப் பிறகுதான் குரல் வருகிறது. மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன், மூன்று தடவையும் இதே கதை. கடைசியில் காசு கொடுத்து ஒரு கன்வெர்ட்டர் வாங்கி அதே ஃபைலைக் கொடுத்தேன். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் உசத்தி என்று இங்கே நிறையப் பேர் எழுதுகிறீர்கள். இதற்கு என்ன பதில்?

தாராவி கேமரா | சனி, இரவு 10.15

அண்ணாச்சி, கோபப்படாம ஒரு காரியம் செய்ங்க. மீடியாஇன்ஃபோன்னு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். மொபைல்ல இருந்து வந்த ஒரிஜினல் ஃபைலை அதுல திறந்து, ஃப்ரேம் ரேட் மோட்னு இருக்க வரியில என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. அந்த ஒரு வரி தெரியாம இதுக்கு மருந்து சொல்ல முடியாது. 14 வருஷமா கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடியோ எடுத்துப் பொழைக்கேன். இந்த வியாதி எனக்கு மாசம் ரெண்டு வரும்.

மாட்டுங்கா பேரன் | சனி, இரவு 10.32

‘வேரியபிள்’ என்று இருக்கிறது. சராசரி நொடிக்கு 29.98 படம். குறைந்தபட்சம் 24.1, அதிகபட்சம் 30 சொச்சம்.

தாராவி கேமரா | சனி, இரவு 11.05

அதான். வேரியபிள்னா வேகம் ஒரே சீரா இல்லாம மாறிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். மொபைல் கேமரா நொடிக்கு 30 படம்னு சொல்லும், ஆனா எடுக்காது. ஹோமப் புகையிலயோ விளக்கு வெளிச்சத்திலயோ இருட்டிச்சுன்னா, ஒவ்வொரு படத்துக்கும் கூடக் கொஞ்ச நேரம் வெளிச்சம் வாங்கும். அப்ப நொடிக்கு 26, 24ன்னு இறங்கும். ஒவ்வொரு படமும் எந்த நேரத்துல வரணும்கிறது ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும். அதைப் படிச்சு ஓட்டுற பிளேயர்ல ஒரு குறையும் தெரியாது. வி.எல்.சி.யில ஒரிஜினலை ஓட்டிப் பாருங்க, ஆரத்தி வரைக்கும் உதடு பிசகாது.

எடிட்டர் பலதும் அந்த நேரக் கணக்கைப் பார்க்காது. நொடிக்கு 30ன்னு தானா முடிவு பண்ணிப் படத்தை அடுக்கிரும். உங்க கணக்கையே பாருங்க. 72 நிமிஷம்னா 4,320 நொடி. அதை 29.98ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 1,29,514 படம். 30 வீதம் ஓட்டினா 4,317 நொடியில படம் தீர்ந்துரும். சத்தம் மட்டும் 4,320 வரை ஓடும். உங்க தாத்தா வாயை மூடின பிறகு குரல் வருதே, அது இந்த மூணு நொடிதான்.

ஹேண்ட்பிரேக்ல வழக்கமா வர ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்புல ‘பீக் ஃப்ரேம்ரேட்’னு இருக்கும். 30க்கு மேல போகாது, அதுக்குக் கீழ ஒரிஜினல் எப்படியோ அப்படி. வீடியோ பக்கத்துக்குப் போயி ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’டை, அதாவது மாறாத வேகத்தைத் தொட்டு, பக்கத்துல 30ன்னு வைங்க. அதை எடிட்டருக்குக் கொடுங்க.

இன்னொண்ணு. முதல் நிமிஷத்துல இருந்தே ஒரே அளவு விலகல்னா ஆடியோவைத் தள்ளி வச்சா சரியாகும். போகப் போகக் கூடுச்சுன்னா தள்ளிப் பிரயோஜனம் இல்ல. முன்னால ஒட்டினா பின்னால விடும்.

செம்பூர்க்காரி | ஞாயிறு, காலை 7.20

விளக்கம் தெளிவு, நன்றி. ஆனால் கேள்விக்கு இது பதில் இல்லை என்று நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கியது எதையும் கேட்காமல் சரியாகச் செய்தது. இலவசத்தில் இன்னொரு மென்பொருளை இறக்கி, அதில் ஒரு வரியைத் தேடி, பெருக்கி வகுத்து, பிறகு ஒரு பொத்தானைத் தொட வேண்டியிருக்கிறது. வீட்டு விசேஷத்தை மொபைலில் எடுக்கிற எல்லோருக்கும் வரக்கூடிய பிரச்சினை என்றால், அந்தப் பொத்தான் முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டாமா? தெரிந்தவருக்கு மட்டும் வேலை செய்கிற கருவியைத் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு, தப்பு உன் ஃபைலில் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சயான் பெரியவர் | ஞாயிறு, காலை 9.10

அம்மா, இதில் நான் மாறுபடுகிறேன். கொடுத்த படத்தில் இருக்கும் கால அளவை அப்படியே காப்பதுதான் ஹேண்ட்பிரேக் செய்தது. கான்ஸ்டன்ட் என்று வைத்தால், இல்லாத இடத்தில் ஒரே படத்தை இரட்டிக்க வேண்டும், அதிகமான இடத்தில் ஒன்றைக் கைவிட வேண்டும். என் மூலத்தில் என் அனுமதி இல்லாமல் கை வைக்காத கருவியையே நான் நம்புவேன். காசுக்கு வாங்கியது உங்களைக் கேட்காமல் கை வைத்தது; இம்முறை அது உங்களுக்குப் பொருந்திப்போனது. அடுத்த முறை என்ன செய்யும் என்று யார் அறிவார்?

அப்படிப்பட்ட கட்டண மென்பொருள்கள் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பதும் எஃப்எஃப்எம்பெக் என்ற ஓப்பன் சோர்ஸ் வீடியோ நிரல்தான். 2000இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கியது அது. வி.எல்.சி.யும் ஹேண்ட்பிரேக்கும்கூட அதன் நிரல் நூலகங்களின் மேல்தான் நிற்கின்றன. மாட்டுங்கா தம்பி பணம் கொடுத்தது பெரும்பாலும் மேல் அட்டைக்கும், யாரோ முன்கூட்டியே தொட்டு வைத்த அந்த ஒரு பொத்தானுக்கும்தான்.

ஆனால் தகவல் சொல்லும் முறையில் நீங்கள் சொல்வது உண்மை. 2011இல் எஃப்எஃப்எம்பெக் குழு உடைந்து லிப்அவ் என்ற தனித் திட்டம் பிரிந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் பிரிந்தவர்களின் பக்கம் போனது. அதன் பிறகு டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் என்று அடித்தால், இந்த நிரல் கைவிடப்பட்டது, லிப்அவின் அவ்கான்வைப் பயன்படுத்துங்கள் என்று வரும். எஃப்எஃப்எம்பெக் அப்போதும் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது! 2015இல் 15.04 பதிப்பில்தான் உபுண்டு திரும்பி வந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த ஒரு வரியைப் படித்து, அது செத்துவிட்டது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

முலுண்டு கிழக்கு | ஞாயிறு, காலை 10.45

பொத்தானுக்கு மட்டும் யாரும் காசு கொடுப்பதில்லை சார். பிரச்சினை வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டும், அதற்கும்தான். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் டவுன்லோடு சர்வர் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் பதிப்பை மாற்றி வைத்து, நாலைந்து நாள் அதை இறக்கியவர்களின் கணினிக்குள் ப்ரோட்டான் என்ற வைரஸ் போனது. கடவுச்சொற்களைத் திருடும் ரகம். அதற்கு யாரிடம் போய் நிற்பது?

தாராவி கேமரா | ஞாயிறு, பகல் 12.30

நடந்தது உண்மை, மறைக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு சர்வர்ல ஒண்ணு, அதுவும் மேக் ஃபைல் மட்டும். அதை ஊருக்குச் சொன்னது யாரு? ஹேண்ட்பிரேக் ஆளுங்களேதான். எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை, உங்க மெஷின்ல இருக்கான்னு எப்படிப் பார்க்கணும், எப்படி அழிக்கணும்னு எல்லாத்தையும் அவங்க பக்கத்துல போட்டாங்க. இறக்கின ஃபைலோட செக்சம்மை, அதாவது ஃபைல் மாறாம இருக்கான்னு காட்டுற அடையாளக் குறியை, ஒத்துப் பார்த்தவங்க தப்பிச்சாங்க. நானும் அந்தச் செய்திக்கப்புறம்தான் ஒத்துப் பார்க்கப் பழகினேன்.

நான் பயப்படுதது அதுக்கில்ல. ‘இலவச வீடியோ கன்வெர்ட்டர்’னு தேடி, முதல்ல வர ஏதோ ஒரு பக்கத்துல வீட்டு வீடியோவை ஏத்துதாங்க பாருங்க, அதுக்குத்தான். வீட்டுப் பொம்பளப் புள்ளைங்க, குழந்தைங்க இருக்க படம். அது எந்த ஊர் சர்வர்ல கிடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

செம்பூர்க்காரி | ஞாயிறு, மாலை 4.50

என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் மகளின் அரங்கேற்றம். வர்ணம் முடிந்து தில்லானா நடக்கும்போது மொபைல் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. ஃபைல் இருக்கிறது, 3.1 ஜி.பி. திறந்தால் திறக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்தால் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரே வரி. எது நகரவில்லை, என்ன அணு? அந்த வரியை எத்தனையோ இரவு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஃபைல் செத்துவிட்டதா, உயிர் இருக்கிறதா என்றுகூட அது சொல்லவில்லை. பொத்தானைப் பற்றி நான் பேசுவது இதனால்தான் சார்.

தாராவி கேமரா | ஞாயிறு, மாலை 5.20

அக்கா, அந்த ஃபைலை அழிச்சிராதீங்க! உயிர் இருக்கு.

மூவ்ங்கிறது எம்.பி.4 ஃபைலோட பொருளடக்கம். எந்தப் படம் எந்த இடத்துல இருக்கு, எந்த நேரத்துல வரணும், எல்லாம் அதுக்குள்ளதான். ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் மொபைல் அதைக் கடைசியில எழுதும். சார்ஜ் தீர்ந்து அணைஞ்சா எழுத நேரம் கிடைக்காது. 3.1 ஜி.பி. இருக்குன்னா உங்க மக ஆடின நடனம் அத்தனையும் உள்ள இருக்கு, பொருளடக்கம் மட்டும்தான் இல்ல.

அன்ட்ரங்க்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. அதே மொபைல்ல, அதே ரெசல்யூஷன்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ணைக் காட்டினா, அதைப் பார்த்து இதுக்குப் பொருளடக்கம் கட்டிரும். எல்லா ஃபைலும் முழுசா வராது, அதையும் சொல்லிருதேன். அந்த மொபைல் இன்னும் இருக்கா? வேற எதையும் முயற்சி பண்ணாம முதல்ல ஃபைலை ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க.

இனிமே லேப்டாப்ல ஓ.பி.எஸ்.ங்கிற ரெக்கார்டிங் மென்பொருள் வச்சுப் பதிவு பண்றவங்க எம்.கே.வி. ஃபைலாப் பண்ணுங்க. கரண்டு போனாலும் அதுவரைக்கும் வந்தது ஓடும். முடிஞ்சதும் எம்.பி.4 ஆக்கிக்கலாம்.

டோம்பிவலி லோக்கல் | ஞாயிறு, இரவு 8.05

நடுவில் நுழைகிறேன். தமிழ் சப்டைட்டிலை வீடியோவோடு எரித்தால், அதாவது படத்திலேயே பதித்தால், ‘சொந்தம்’ என்பது உடைகிறது. கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, கால் தனியாகத் தொங்குகிறது. வேறொரு பழைய ஃபைலில் எல்லாமே கேள்விக்குறி. இதுவும் என் ஃபைலின் தப்புதானா?

சயான் பெரியவர் | ஞாயிறு, இரவு 9.30

இரண்டும் வெவ்வேறு நோய். கொம்பு இடம் மாறுவது எழுத்துகளைக் கோக்கும் வேலை நடக்கவில்லை என்பதற்கு அடையாளம். யூனிகோடில் ச முதலில், கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி அடுத்து. அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். சப்டைட்டில் வரையும் லிப்ஆஸ் அது இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். புதிய எஃப்எஃப்எம்பெக்கை இறக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டு எரித்துப் பாருங்கள். இது உங்கள் ஃபைலின் குறை இல்லை.

கேள்விக்குறிகள் ஃபைலின் குறை. நோட்பேடில் ஆன்சி என்ற பழைய குறிமுறையில் சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. யூனிகோடான யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்த மூலம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

மாட்டுங்கா பேரன் | திங்கள், இரவு 10.10

கான்ஸ்டன்ட், 30 என்று வைத்து மாற்றினேன். எடிட்டரில் வெட்டி, கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். பாட்டி ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கும் ‘டங்’ தட்டு தரையைத் தொடும்போதே கேட்கிறது. ஒத்துக்கொள்கிறேன், ஹேண்ட்பிரேக் என் ஃபைலைக் கெடுக்கவில்லை. கட்டணக் கன்வெர்ட்டரின் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு இரண்டு மடங்கு, ஆனால் பட்டுப்புடவைக் கரை அதில் கொஞ்சம் குழம்பியிருக்கிறது.

அக்கா கேட்டதை மட்டும் நான் விட மாட்டேன். வேரியபிள் ஃபைலை உள்ளே போட்ட உடனே, எடிட்டருக்குக் கொண்டுபோவதானால் கான்ஸ்டன்ட் வையுங்கள் என்று ஒரு வரி திரையில் வந்தால் மூலத்துக்கு என்ன கெடுதல்?

சயான் பெரியவர் | திங்கள், இரவு 10.40

ஒரு கெடுதலும் இல்லை. தானாக மாற்றாமல், சொல்லிவிட்டு நம்மைக் கேட்குமானால் அதை நானும் வரவேற்பேன். அவர்களுடைய கிட்ஹப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் எழுதுங்கள் தம்பி, இதே தாத்தா கதையோடு.

முலுண்டு கிழக்கு | திங்கள், இரவு 11.00

எழுதி, அவர்கள் பதில் சொல்லி, அது வெளிவரும் வரை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். என் அம்மாவுக்கு மீடியாஇன்ஃபோ சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

செம்பூர்க்காரி | புதன், காலை 6.15

பழைய மொபைல் அலமாரியில் இருந்தது. சார்ஜ் போட்டு, அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் ஒத்திகையில் எடுத்த நாலு நிமிட வீடியோவைக் காட்டி அன்ட்ரங்க்கை ஓட்டினேன். தாராவித் தம்பிதான் ராத்திரி ஒன்றரை மணி வரை போனில் கூடவே இருந்தார். அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம் முழுதாக வந்துவிட்டன. தில்லானாவில் படம் அங்கங்கே கட்டம் கட்டமாக உடைகிறது, நட்டுவாங்கம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தாராவி கேமரா | புதன், காலை 6.40

அக்கா, அந்த ஒத்திகை வீடியோவையும் உடைஞ்ச ஒரிஜினலையும் அழிச்சிராதீங்க. அன்ட்ரங்க்ல வேற வேற பதிப்பு இருக்கு. ஞாயித்துக்கிழமை வேலை இல்ல, ஹார்ட் டிஸ்க்கோட செம்பூர் வாரேன், தில்லானாவை இன்னொரு தடவை பார்ப்போம்.