கையெறி குண்டு வீசுவதெல்லாம் ஒரு போட்டியா?

பழையபேப்பர்: முதல் உலகப் போருக்குப் பிறகு நடந்த முதல் சர்வதேச விளையாட்டுப் போட்டி 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்தான் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் 1919 ஜூன் 22 முதல் ஜூலை 6 வரை பாரிசுக்குப் பக்கத்தில் நடந்தது என்ன, கோயில் திருவிழாவா? நேச நாடுகளின் போட்டி ஐயா அது. 18 நாடுகள், சுமார் 1500 படைவீரர்கள். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் பணம் போட, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் பெர்ஷிங் அரங்கத்தையே கட்டினார்கள்.

மைதானமணி: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கையெறி குண்டு வீசுவதைப் பந்தயமாக வைத்த கூத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழையபேப்பர்: ஈட்டி மட்டும் மாங்காய் அடிக்கவா கண்டுபிடித்தார்கள்? 1912 ஒலிம்பிக்ஸிலேயே நவீன பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுப் போட்டியில் வாளும் துப்பாக்கியும் உண்டு.

மைதானமணி: ஈட்டி வெடிக்காது.

குமரிக்காற்று: குண்டு வீச்சில் ஜெயித்தவர் ஒரு ராணுவப் பாதிரியார்! ஃபிரெட் தாம்சன். அப்புறம் ஹாலிவுட் மௌனப் படங்களில் கௌபாய் நாயகன் ஆகிவிட்டார்.

பழையபேப்பர்: ஆமாம், சுமார் 75 மீட்டர் வீசினார். மணி சாருக்கு அதெல்லாம் எதற்கு? அமெரிக்க ஓட்டக்காரர் சார்லி பேடக் 100, 200 மீட்டர் இரண்டிலும் ஜெயித்தது கண்ணில் படாது. கால்பந்து இறுதியில் செக்கோஸ்லோவாக்கியா பிரான்சை 3-2 என்று சாய்த்ததும் படாது. போன மாதம் ஹாக்கி பேச்சிலும் இதே கதைதான்.

மைதானமணி: ஹாக்கியில் நான் சொன்னதுதான் சரி. ஜெர்மனியோடு போரை முறைப்படி முடித்த வெர்சாய் உடன்படிக்கையே ஜூன் 28-ல்தான் கையெழுத்தானது. பாதிப் போட்டி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இதில் 'போருக்குப் பின்' எங்கே வந்தது?

பழையபேப்பர்: துப்பாக்கி ஓய்ந்தது 1918 நவம்பர் 11. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கிழக்குவாசல்: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 1919 மே மாதமே மணிலாவில் கிழக்காசிய நாடுகளின் தூரகிழக்குப் போட்டி நடந்துவிட்டது. பாரிஸ் போட்டிக்கு யோசனை சொன்ன எல்வுட் பிரவுன்தான் அதற்கும் மூலகாரணம்.

பழையபேப்பர்: தம்பி, அது ஒரு வட்டாரத்துக்குள் நடந்தது. நான் பேசுவது வேறு.

கிழக்குவாசல்: யார் தம்பி? எனக்கு வயது 61.

பழையபேப்பர்: வயதைச் சொல்லி வரலாற்றை மாற்ற முடியாது, அண்ணே.

குமரிக்காற்று: மணிலாவைப் பற்றிப் பதில் வரவில்லையே?

பழையபேப்பர்: முதலில் குண்டு விஷயம் முடியட்டும். மணி சார், உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 'அடுத்து குண்டு எறிதல்' என்று மைக்கில் சொன்னபோது போலீசைக் கூப்பிட்டீர்களா?

மைதானமணி: அது இரும்புக் குண்டு.

பழையபேப்பர்: குண்டுதானே?

மைதானமணி: வெடிக்காத குண்டு. எத்தனை தடவை சொல்வது?