சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாருக்குமான உடற்பயிற்சி இடம்: நிதி எப்படிக் கேட்பது?

கேள்வி:
எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு நிலம் பல வருடமாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, காசு கட்டி ஜிம்முக்குப் போக முடியாதவர்கள், முக்கியமாக வயதானவர்கள், காலை மாலை வந்து போகிற மாதிரி ஒரு உடற்பயிற்சி இடமாக மாற்ற வேண்டும். புல்-அப் கம்பி, பேரலல் பார், நாலைந்து கருவிகள், சுற்றி ஒரு நடைபாதை. யாரிடம் சொன்னாலும் "நல்ல யோசனை" என்கிறார்கள், அதோடு சரி. பணம் யாரிடம் கேட்பது, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பதில் 1:
பணத்தை விடுங்கள், முதலில் நிலம் யாருடையது? உள்ளாட்சி நிலமோ தனியார் நிலமோ, இத்தனை வருடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், நிதி தருகிற யாரும் உங்கள் விண்ணப்பத்தை மேலே நகர்த்த மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த வருடமே நிலத்தைத் திருப்பிக் கேட்டால் கருவிகளைப் பிடுங்கிக்கொண்டா போக முடியும்? தரைக்கடியில் குழாய், கேபிள் போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் தனியாளாகக் கேட்காதீர்கள். ஒரு குழுவாகப் பதிவு செய்து, குழுவின் பேரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது ரொம்பச் சரி. நான் சொல்ல வருவது பராமரிப்பு. கருவி வாங்கப் பணம் தருபவர்கள் உண்டு, அதற்கு அப்புறம் எண்ணெய் போடவும் போல்ட் இறுக்கவும் தருபவர்கள் அபூர்வம். கால்களை முன்னும் பின்னும் வீசி நடக்கிற கருவியைப் பாருங்கள், அதன் பேரிங் தேய்ந்ததும் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கும், மழைத் தண்ணீர் தேங்கினால் கருவியின் கால் தரையில் ஊன்றிய இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும், அந்த நிலையில் ஒரு பாட்டி ஏறி விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் மாதாமாதம் யார் சோதிப்பது, பழுதுக்குப் பணம் எங்கிருந்து, விபத்துக் காப்பீடு யார் பேரில் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அசையும் பாகம் இல்லாத கம்பிகளை அதிகம் வைத்தால் பாதித் தலைவலி குறையும். இந்த மாதிரிக் கருவிகளுக்கென்றே ஈ.என் 16630 என்ற ஐரோப்பியத் தரநிலை இருக்கிறது, 140 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்கானது அது. விலைப்புள்ளி கேட்கும்போதே அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் ஏறி விளையாடத்தான் செய்வார்கள், எச்சரிக்கைப் பலகை கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. நிலம் உள்ளாட்சியுடையதுதான், அனுமதிக்கு எழுதப் போகிறேன். "ஏன் தேவை" என்ற பகுதியில் என்ன எழுதுவது?

பதில் 3:
"ஆரோக்கியமான சமுதாயம்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் ஆட்களிடம் வீடு வீடாகக் கேட்டதை எழுதுங்கள்: யார் வருவார்கள், எந்த நேரம், என்ன தடுக்கிறது. பெண்கள் விளக்கு வெளிச்சம் கேட்பார்கள், வயதானவர்கள் நிழலும் உட்கார இடமும் கேட்பார்கள். அதெல்லாம் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். தரை சமன் செய்ய நீங்களே போடுகிற உடலுழைப்பையும் மதிப்புப் போட்டு உங்கள் பங்காகக் காட்டுங்கள், பல இடங்களில் அதை ஏற்பார்கள். மொத்தத் தொகையையும் ஒருவரிடமே கேட்க வேண்டாம். நடைபாதையும் கம்பிகளும் முதல் கட்டம், மற்றது அடுத்த கட்டம் என்று பிரித்துக் கேளுங்கள்.