மிகைச்சுமை வேண்டாம், பகாச்சுமை?

அண்ணா, வணக்கம்.

காற்றாலை இறக்கை ஏற்றிவரும் வண்டியில் மஞ்சள் பலகை கட்டியிருக்குமே, 'அப்நார்மல்' என்று. அதற்குத் தமிழில் நம் சொற்பட்டியலுக்கு நீங்கள் தந்த 'மிகைச்சுமை' எனக்கு ஒப்பவில்லை. மிகைச்சுமை என்றால் எடைமேடையில் மாட்டித் தண்டம் கட்டும் லாரிதான் கண்ணில் நிற்கிறது. இதுவோ அனுமதிச்சீட்டோடு, முன்னும் பின்னும் காவல் வண்டியோடு போவது.

எடையும் இங்கே சிக்கல் இல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜெஃப்ரீஸ் பேயில் நிற்கும் 60 காற்றாலைகளின் இறக்கை ஒவ்வொன்றும் 49 மீட்டர்; எடை சுமார் 10 டன்தான். நம் சாலைச் சட்டம் வண்டியோடு சேர்த்து 56 டன் வரை விடுகிறது. இடிப்பது நீளம்: இழுவை வண்டிகள் கோத்த லாரிக்கு 22 மீட்டர்தான் வரம்பு. போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா) பக்கம் என்2 சாலையில் ஒன்றின் பின்னால் அரைமணி நேரம் ஊர்ந்திருக்கிறேன். வளைவில் அதன் வால் சாலையைத் தாண்டி வெளியே வீசுகிறது. கண்ணாடியிழைக் கூடு அது. செய்தவர் குறித்த இடத்தில்தான் தாங்கி வைக்கலாம். பட்டையை வேறிடத்தில் இறுக்கினால் மெல்லிய பின்விளிம்பு நசுங்கிவிடும்.

இரண்டாக அறுத்து ஏற்ற முடியாது என்பதால்தான் அனுமதியே கிடைக்கிறது. பிரிக்க முடிந்த சரக்கென்றால் பிரித்துக் கொண்டுபோ என்பார்கள். பகாப்பதம், பகா எண் என்று நமக்குப் பழகிய சொல் இருக்க, ஏன் 'பகாச்சுமை' என்னக்கூடாது? கோபுரம் துண்டு துண்டாக வந்தாலும், அந்தத் துண்டு ஒவ்வொன்றும் பகாச்சுமைதான்.

*

தங்கச்சி, பகாச்சுமை பிடித்திருக்கிறது. எடை இல்லை என்கிறாய், பிறகு ஏன் சுமை என்று கேட்க வந்தேன். தலைச்சுமை, புல்லுச்சுமை எல்லாம் நினைவு வந்ததும் விட்டுவிட்டேன். சுமப்பது எதுவானாலும் சுமைதான்.

ஆனால் பின்னால் வருகிற ஓட்டுநருக்குப் பகாப்பதம் தெரிய வேண்டியதில்லை. அவன் முந்தலாமா கூடாதா என்று பார்க்கிறான். பலகைக்கு 'நீளச்சுமை' போதும். சொற்பட்டியலில் உன் சொல்லை ஏற்றுகிறேன். கிரேன் ஒன்று பாக்கி. எதையும் ஏற்றாமல் தனியே ஓடினாலும் பெரிய கிரேனுக்கு இதே அனுமதி வேண்டும். அதைச் சுமை என்னவும் முடியாது. 'வரம்புமீறிய வண்டி' என்றால் மறுபடி தண்டம் கட்டும் லாரியாகிவிடும். 'தனியனுமதி வண்டி' என்று எழுதி வைத்திருக்கிறேன், சப்பென்று இருக்கிறது. நீ ஒன்று சொல்லு.