பழைய டிவி கேம் ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் இணைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து

யாரிடமாவது ஒன்பது பின் பிளக் வைத்த பழைய ரிமோட் இருந்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் சீரியல் போர்ட்டில் அதைச் செருகாதீர்கள். அளவெடுத்தது போல உட்காரும், ஆபத்தே அதுதான். ரிமோட் 5 வோல்ட்டில் ஓடுவது. சீரியல் போர்ட்டிலோ 12 வோல்ட் வரை பிளஸ்ஸிலும் மைனஸிலும் வரும். உள்ளே இருக்கும் சிப் தாங்காது.

என் ரிமோட் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் மரியோ ஆடிய பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் அசல் இல்லை, 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் நகல்கள். ஆனால் ரிமோட் வேலை செய்யும் விதம் அசலில் உள்ளதேதான். அந்த எளிமையைப் பார்த்து எனக்கு அந்த இன்ஜினியர்கள் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

உள்ளே எட்டு பட்டன், ஒரே ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர், அதாவது பட்டன்களின் நிலையை ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சிப். அசலில் 4021 என்ற சிப் இருக்கும். நகல்களில் அந்த இடத்தில் கருப்புப் பிசின் பொட்டு ஒன்றுதான் தெரியும். வேண்டியவை ஐந்து வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் வயரில் ஒரு துடிப்பு கொடுத்தால் அந்த நொடியில் எந்தெந்த பட்டன் அழுந்தியிருக்கிறது என்று சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே டேட்டா வயரில் ஏ பட்டனின் நிலை வந்து நிற்கும். அப்புறம் ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்று வரிசையாக வரும். அழுத்தினால் 0, விட்டால் 1. இவ்வளவுதான் விஷயம்.

இதைப் படித்து யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன போர்டு வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்டுயினோ என்று கேட்டால் பெரும்பாலும் ஊனோவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வேலைக்கு அது வசதிப்படாது. ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ அல்லது லியோனார்டோ என்று கேட்டு வாங்குங்கள். இவை தம்மைக் கீபோர்டாகவோ ஜாய்ஸ்டிக்காகவோ கம்ப்யூட்டரிடம் நேரடியாகக் காட்டிக்கொள்ளும். ப்ரோ மைக்ரோவில் 3.3 வோல்ட் வகையும் உண்டு, 5 வோல்ட் வகையையே வாங்குங்கள். கூடவே ஒன்பது பின் ஆண் கனெக்டர் ஒன்றையும் வாங்கிவிட்டால் ரிமோட்டின் வயரை வெட்டவே வேண்டாம். கிடைப்பது அரிதாகிவரும் பொருளை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நகல்களில் ஆளுக்கொரு நிறம் போட்டிருப்பார்கள். ரிமோட்டைத் திறந்து, எல்லா பட்டனுக்கும் பொதுவாக ஓடும் தடத்தைப் பாருங்கள், அதுதான் கிரவுண்ட். அங்கிருந்து மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (இரண்டு முனைகளுக்கு நடுவே இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பவர் கொடுப்பது அதற்கு அப்புறம்தான்.

புரோகிராமில் லாட்ச், கிளாக் துடிப்புகளுக்கு நடுவே சில மைக்ரோ நொடி இடைவெளி விடுங்கள். நிண்டெண்டோ பெட்டியே லாட்ச்சை 12 மைக்ரோ நொடி பிடித்திருக்கும்.

திறந்த கையோடு சுத்தமும் செய்துவிடலாம். நம் ஊர் உப்புக் காற்றில் சால்டரிங் இடங்கள் பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். பட்டனுக்கு அடியில் உள்ள கார்பனை அழுத்தித் தேய்த்தால் அது உரிந்துவிடும்.

பெரம்பூரிலிருந்து

அண்ணா, அருமை. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற கேம் பெட்டியின் ரிமோட்டுக்கும் இதே ஒன்பது பின் பிளக்தான், உள்ளே சமாச்சாரம் வேறு. அதில் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் கிடையாது. மூன்று பட்டன் மாடலில் 74எச்சி157 என்ற சிப். ஏழாவது பின்னை மேலும் கீழும் மாற்றினால் அதே வயர்களில் வேறு பட்டன்கள் தெரியும். ஐந்தாவது பின் 5 வோல்ட், எட்டாவது கிரவுண்ட். என்னிடம் இரண்டு வகையும் இருப்பதால் பிளக்கிலேயே லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து

என் ரிமோட்டில் டர்போ ஏ, டர்போ பி என்று இன்னும் இரண்டு பட்டன் இருக்கிறதே. அவற்றைத் தனி பட்டன்களாக வைத்துக்கொள்ள முடியுமா அண்ணா?

குரோம்பேட்டையிலிருந்து

முடியாது தம்பி. வெளியே வருவது எட்டு பிட்தான், அதாவது எட்டு பட்டனுக்கும் ஆளுக்கொரு 0 அல்லது 1. டர்போ ஏ-வை அழுத்திப் பிடித்தால், ஏ பட்டனையே யாரோ வேகமாகத் தட்டுவது போலத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தனியாக வேண்டுமானால் அந்த இரண்டு பட்டன்களின் தடத்தை வெட்டி, போர்டுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். ரிமோட்டை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். சுட்டுத்தள்ளும் கேம்களுக்கு அந்த டர்போ அதே வேலையைக் கம்ப்யூட்டரிலும் செய்கிறது.